காற்சட்டையோடு படுப்பவர்

— அந்தச் சொல்லை வெட்டு, மிதுனா. என்ரை மகனுக்கு மனநோய் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்.

— லண்டனிலை லோயர் கேக்கிறதே அதைத்தான், அப்பா. லவன் அண்ணாவின்ரை அகதிக் கேஸ் ஒருக்காத் தள்ளுபட்டிட்டுது. வெள்ளிக்கிழமைக்குள்ளை இந்தக் கடிதம் போகாட்டி அவரைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.

— நல்ல குடும்பத்துப் பிள்ளை, குடி சிகரெட் இல்லை எண்டு எழுது. காணாதோ?

— அதுக்கு விசா குடுக்கமாட்டினம். இஞ்சை பொலிஸ் அண்ணாவை விசாரணை எண்டு கொண்டுபோய்ப் பதினொரு நாள் வைச்சிருந்தவங்கள். திரும்பி வந்தாப் பிறகு கொழும்பு வெள்ளவத்தையிலை, இந்த வீட்டிலை, எப்பிடி இருந்தவர் எண்டு தகப்பன் எழுதவேணுமாம்.

— நல்லா, வடிவா இருந்தவன்.

— காற்சட்டையோடைதானே படுத்தவர்.

— அதிலை என்ன? எண்பத்துமூண்டுக் கலவரத்திலை இருந்து நானும் அப்பிடித்தான். ராவிலை வந்து கூப்பிட்டா சாரம் கட்டினபடியோ போறது? மானம் எண்டு ஒண்டு இருக்கு, விளங்குதோ.

— ஜன்னல் பக்கம் இருக்கமாட்டார்.

— கடல்காத்து நெஞ்சுக்குக் கூடாது. நானும் இருக்கிறேல்லை.

— குளிக்கப் போகேக்கையும் அடையாள அட்டை கொண்டுபோவார்.

— பொலித்தீன் உறையிலை போட்டு. நான்தான் பழக்கினது.

— லோயர் அனுப்பின மனநோய் டொக்டரின்ரை தாளிலை ஒன்பது கேள்வி கிடக்கு. அண்ணாவுக்கு ஆறு பொருந்துது. உங்களுக்கு ஒன்பதும்.

— விசர்க்கதை கதையாதை. எங்கடை பரம்பரையிலை ஒருத்தருக்கும் அப்பிடி இல்லை. உனக்குச் சம்பந்தம் பேசிற நேரத்திலை... ஆர் அது பெல் அடிக்கிறது?

— பாக்கிறன்.

— பொறு. ஃபானை நிப்பாட்டு. ரீவியையும்.

— அப்பா...

— சத்தம் போடாதை. கதவு ஓட்டையாலை பார். எத்தினை பேர்?

— ஒராள். காஸ் கொண்டுவாற அண்ணை. காலமை நீங்கள்தானே ஃபோன் பண்ணினனீங்கள்.

— நான் சொன்னது பத்து மணிக்கு. இப்ப பத்தேகால்.

— சிலிண்டரை வாங்கிக்கொண்டு அனுப்பிப்போட்டன். அலுமாரிக்குப் பின்னாலை இருந்து வாங்கோ, அப்பா. ஷேட்டெல்லாம் தூசி.

— ஆள் படியாலை இறங்கீட்டானோ?

— இறங்கீட்டார். அண்ணாவும் பெல் அடிச்சா அதுக்குப் பின்னாலைதான் நிக்கிறவர்.

— தெரியும். இடத்தைக் காட்டிவிட்டது நான்.

— இப்ப என்ன எழுதட்டும்?

— பேனையைக் கொண்டா. மனநோய் எண்டே இருக்கட்டும். ஆனா இந்த வீட்டிலை அவன் இரண்டாவது ஆள், முதலாவது தகப்பன் நவரத்தினம் எண்டு எழுது. வரிசை மாறக்கூடாது.