கூடுதலாக அடித்த தாள்கள்

எந்த ஆர்டர் வந்தாலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் அடிப்போம் சார். மை சீராகப் பிடிக்கிறவரை முதல் பத்துத் தாள் வீணாகும், வெட்டும்போது நாலைந்து கோணலாகும். ஆயிரம் கேட்டால் ஆயிரத்து முப்பது ஓட்டுவோம். இருபது வருடமாகத் தல்லாகுளத்தில் பிரஸ் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் ஒன்று குறைந்தது என்று எவரும் வந்து நின்றதில்லை. 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதீர்கள்' என்கிற மஞ்சள் ஸ்டிக்கரும் நாங்கள் அடித்ததுதான். இரண்டாயிரத்து இருபது ஜூலையில் மாநகராட்சியிலிருந்து வந்த ஆர்டர். இருபத்திரண்டு மிஞ்சியது. நான் எடுத்தது மூன்று. மீதிப் பத்தொன்பதும் என் மேசை டிராயரில் இருக்கிறது, ஆள் அனுப்பி எண்ணிக்கொள்ளுங்கள்.

பெர்சி டீச்சர் எங்கள் அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ரிட்டயரானவர். நாலாம் வகுப்பில் எனக்கே பாடம் எடுத்திருக்கிறார். பையன் ஜெர்சன் மஸ்கட்டில். நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள், வீட்டில் வேறு பாஷை. என் அம்மாவோடு பேசுவதற்காகவே அதில் பத்துப் பதினைந்து வார்த்தை கற்றுக்கொண்டவர் டீச்சர். நல்லவர்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டம் என்றால் உயிர். பால் பூத்தில் வேறு ஆளே இல்லாத நேரத்திலும், தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் போய் நின்றுவிட்டுத்தான் பால் கேட்பார். அந்த வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மார்ச்சில் மெஷினுக்கு உருளை வாங்கச் சென்னை போன இடத்தில் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். ஐம்பத்திரண்டு நாள் ஒரு லாட்ஜில் கிடந்தேன். இ-பாஸுக்கு நாலு தடவை எழுதிப்போட்டேன், நாலு தடவையும் தள்ளிவிட்டார்கள். கடைசியில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் ஏறிக்கொண்டேன். செக்போஸ்டுக்கு முன்னால் இறங்கி வயல்வழியாக நடந்து விடியற்காலையில் வீடு வந்து சேர்ந்தேன். எழுபத்துநாலு வயதில் என் அம்மா சூடாமணி வாசல் தெளிக்கக் குனிந்தவள், வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பப்பா வந்த? பாஸ் கிடைச்சிருச்சா?"

"இல்ல டீச்சர். லாரில வந்தேன்."

"ஏம்ப்பா இப்படி? அம்மா வயசானவுக. கண்ட்ரோல் ரூமுக்கு நீயே போன் போட்டுச் சொல்லிரு. நீ சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டி வரும்."

மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் சொல்லிவிட்டார். வேன் வந்தது, தெருவே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. என் மூக்கில் குச்சி விட்டார்கள், பாசிட்டிவ் என்றார்கள், ஒரு காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் அடைத்தார்கள். அம்மாவுக்கும் பாசிட்டிவ், அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். எனக்கு செல்போனில் ஒரு வீடியோ காட்டினார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட நாலு பேர், ஒரு மூட்டை, பன்னிரண்டு வினாடி. ஒரே பிள்ளை நான், கொள்ளி வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். வெகுநேரம் அழுதார். பிறகு சொன்னார், "நான் சொன்னதுனால உன்னையாவது காப்பாத்த முடிஞ்சுச்சேப்பா."

அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி டீச்சர் பென்ஷன் எடுக்கப் பேங்குக்குப் போய்வந்தார். மறுநாள் காலையில் அவர் வீட்டுக் கேட்டில் முதல் ஸ்டிக்கரை ஒட்டினேன். ஆர்டர் நம்மிடம் வந்ததால் இந்தத் தெருவுக்கு என்னையே ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். பேங்கில் ஒருவருக்குப் பாசிட்டிவ், அதனால் உங்களுக்குப் பதினாலு நாள் என்றேன். கொஞ்சமாவது வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்படியா. சரிப்பா, எல்லார்க்கும் ஒரே சட்டம்தானே," என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரை உள்பக்கமிருந்து எட்டி வாசித்தார். "தேதி எழுதாம விட்டுட்டியே, எழுதிட்டுப் போ."

எழுதினேன். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

கேட்டில் பூட்டு கிடையாது சார், இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நான் அவரை அடைக்கவில்லை. வேலைக்காரம்மா ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். சர்ச்காரர்கள் எதிர்ச் சாரியிலேயே நின்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். மருந்துக்கடைப் பையன் தெருமுனையைத் தாண்டவில்லை. ஒட்டின தாளுக்கு அம்புட்டு மரியாதை. பாலும் ரொட்டியும் நான்தான் வாங்கி, கேட்டுக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. "நீ நல்லா இருக்கணும்ப்பா," என்பார் உள்ளிருந்து.

பதினாலு நாள் முடிந்ததும் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி முதல் தாளை உரித்துவிட்டு இரண்டாவதை ஒட்டினேன். மறு உத்தரவு வந்திருக்கிறது என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான். "தேதி எழுதிட்டியா?"

அவருக்குச் சர்க்கரை. தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி வாக்கில், இன்னும் இரண்டு நாளைக்குத்தான் மருந்து இருக்கிறது என்றார். கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிட்டேன், தன்னார்வலர் கொண்டுவருவார் என்றேன். நான் யாருக்கும் சொல்லவில்லை. மருந்துச்சீட்டை என்னிடம்தான் கொடுத்திருந்தார், அது என் சட்டைப்பையில் இருந்தது. மருந்துக்கடை எங்கள் பிரஸ்ஸுக்கு எதிரில். இன்சுலின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கவில்லை. அவர் போனுக்கு வழக்கமாக நான்தான் ரீசார்ஜ் செய்து கொடுப்பேன், அந்த மாதம் அதையும் செய்யவில்லை. வெளியிலிருந்து வருகிற போன் மட்டும் சில நாள் வந்துகொண்டிருந்தது.

ஜெர்சன் மஸ்கட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, அம்மா பேச்சு குழறுது. ஒரு எட்டு உள்ள போயிப் பாத்துச் சொல்லுங்கண்ணே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு தம்பி. உள்ள போனா எம்மேல கேஸ் போடுவாங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன், வந்துரும்," என்றேன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஹாஸ்டலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், சும்மா சொல்லவில்லை.

செப்டம்பர் முதல் தேதி ஊரைத் திறந்துவிட்டார்கள். ஆரப்பாளையத்தில் டவுன் பஸ் ஓடத் தொடங்கியது, கோயில் திறந்தது, சர்ச்சில் மணி அடித்தது. அன்று காலையில்தான் மூன்றாவது தாளை ஒட்டினேன். டீச்சர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். வாய் உலர்ந்து உதடு வெடித்திருந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை பட்டு கேட் தானாகவே ஒரு சாண் திறந்துகொண்டது. நாலடி எடுத்து வைத்தால் தெரு, கூப்பிட்டால் ஆட்டோ.

"மணி கேட்டுச்சே ரவி. இன்னும் எத்தனை நாளுப்பா?"

"பதினாலு டீச்சர்."

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பாதியில் எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு கேட்டை அவரே சாத்திவிட்டு உள்ளே போனார். மறுநாள் பால் எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. நான் ஸ்டூலில் வைத்துக்கொண்டேதான் இருந்தேன். ஐந்தாம் நாள் ஜெர்சன் தனிமைப்படுத்தினவர்கள் லிஸ்ட் எதிலும் தன் அம்மா பெயரே இல்லை என்று கண்டுபிடித்து உங்களுக்குப் போன் செய்திருக்கிறான். கெட்டிக்காரப் பையன்.

நான்தான் கொன்றேன். சுற்றிவளைக்க விருப்பமில்லை, எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன். ஆனால் நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று நீங்கள் கேட்டீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. என் பிரஸ் மெஷின்மேன் சிவபாண்டிக்கும் அவன் பெண்சாதி அன்னக்கொடிக்கும் அதே வாரம் வந்ததும், அன்னக்கொடி தவறிப்போனதும் உண்மைதான். அந்த மூன்று நாளும் நான் பிரஸ்ஸுக்குப் போனதும் உண்மைதான். அதற்காக என்மேல் பழி போட்டால் எப்படி? அம்மாவைக் கொன்றது டீச்சர் செய்த அந்தப் போன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவரை அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

எனக்கும் ஒன்றும் இல்லை சார். காய்ச்சல் இல்லை, லேசான இருமல், அது லாரியில் பட்ட காற்று. வந்த அன்றைக்கே அம்மா எனக்குப் பிடிக்குமென்று புளியோதரை கிளறினாள். ஐம்பத்திரண்டு நாள் கழித்து அவள் கைச்சோறு. அதில் போய் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று நான் சத்தம் போட்டேன். பாவம், அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தட்டில் நான் பிசைந்து வைத்திருந்ததிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். எல்லாம் சரியாகத்தானேடா இருக்கிறது என்றாள்.