பிரிக்காத பெட்டி

— மெதுவா சாய்ங்கண்ணே, செவுத்துல இடிக்கிது. அம்மா இத்தனை வருசமா ஒரு கீறல் விழாம பாத்துக்கிட்டாங்க.

— அட்டைப்பெட்டிதானே வானதி? உள்ள ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணும் ஆவாது. வண்டிக்காரன் வேற ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். அந்தப் பக்கம் புடி.

— இருங்க. மேல இருக்குற பிள்ளையாரை எறக்கிக்கிறேன். அவரு இதைத் தன் வீடுன்னே நெனச்சுட்டாரு.

— நியாயமா பாரு. ஒனக்குச் சீர் வைக்கன்னு அம்மா வாங்குனது. இனிமே ஒனக்கு... அதான்...

— இனிமே எவன் வருவான்னு நேரா கேளுங்கண்ணே. வலங்கைமான்ல எல்லாரும் கேட்டு முடிச்சாச்சு. நீங்கதான் லேட்டு.

— அப்படிச் சொல்லல. ஒங்க அண்ணியோட ஃப்ரிட்ஜு ரிப்பேரு. திருவாரூர் வெயிலுக்கு, காலையில அரைச்ச மாவு மத்தியானமே பொங்கி வழியுது.

— பாவம், மாவு.

— கருமாதி பந்தல் பிரிக்கிறதுக்குள்ள வந்துட்டேன்னு நக்கல் பண்ற. நீங்க ரெண்டு பேரும் பிரிச்சு ஓட்டியிருந்தா நான் கேப்பேனா? நியாயமா பாரு.

— பிரிக்கலாமான்னு அம்மாகிட்ட நானும் கேட்டேன். ஓட்டுன சாமானைச் சீர் வச்சா மாப்ள வீட்ல சபையிலேயே பேசுவாங்கடின்னாங்க. எந்த மாப்ளன்னேன். வர்றவன்னாங்க.

— அவங்க கொணம் அது. சில்லுன்னு ஒரு வாய் மோர் குடிச்சதில்ல.

— மோரு கெடக்கட்டும். அம்மாவோட இன்சுலின் எங்க இருந்துச்சு, தெரியுமா?

— எங்க?

— பக்கத்து வீட்டு பிரகதாம்பாள் அக்கா ஃப்ரிட்ஜுல. வேளாவேளைக்குப் போய் வாங்கிட்டு வருவேன். சித்திரையில அவங்க பேத்தி காதுகுத்துன்னு வீட்டைப் பூட்டிக்கிட்டு சென்னைக்குப் போயிட்டாங்க.

— எத்தனை நாளு?

— அம்மாவுக்குப் போதுமான நாளு.

— வேற மருந்து வாங்க வேண்டியதுதானே?

— வாங்கி வைக்க எடம்? பிரகதாம்பாள் நாளைக்கு வந்துருவா, நாளைக்கு வந்துருவான்னே அம்மா ஓட்டுனாங்க.

— அப்பவாச்சும் இதைப் பிரிச்சிருக்கலாம்ல!

— கத்தியோட வந்தேன். நிக்கக்கூட முடியாதவங்க, எழுந்து வந்து பெட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. ஆவணியில ஒரு எடம் வருதாம்.

— எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?

— பண்ணேனே. பிரிச்சுட்டா செகண்ட் ஹேண்டுதான், ஆவணி வரைக்கும் பொறுத்துக்கன்னு சொன்னது யாருண்ணே?

— வண்டிக்காரன் மறுபடி ஹாரன் அடிக்கிறான்.

— புடிங்க, தூக்கலாம்.

— வேணாம். வண்டியத் திருப்பி அனுப்பிடறேன். நீயே வச்சுக்க.

— எனக்கெதுக்கு? நியாயமா பாத்தா இது அண்ணிக்குத்தான். இந்த வீட்ல ஃப்ரிட்ஜு ஓடியாச்சு.

— எப்ப? பெட்டியே பிரிக்கலங்குற?

— நீங்க வந்து சேர்ற வரைக்கும் அம்மாவ வாடகைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தோம்ல? இந்த ஃப்ரிட்ஜுக்குன்னு அம்மா போட்டு வச்ச ப்ளக்குலதாண்ணே சொருகுனோம்.