ஒரு சைஸ் சின்னது

இல்ல தம்பி, அந்தச் சாக்ஸ வெச்சிடுங்க. ஷூ சைஸ் சொல்லியா கேட்டீங்க? அய்யே. இந்த பொகோத்தா ஊரு பூரா இதே கூத்துதான். காலைல எந்திரிச்சதும் கணுக்காலயும் கெண்டைக்காலயும் டேப்பால சுத்தி அளக்கணும், அதான் இந்த இறுக்குற சாக்ஸுக்கு அளவு. யாரு செய்றா? கலர் பாக்குறானுங்க. ஞாயித்துக்கிழம ரோட்டுல கார் விடாம அடைச்சிட்டாப் போதும், ஓட வர்றவன் பாதி, போட்டோவுக்கு வர்றவன் பாதி. ஓடி முடிச்சு சோளரொட்டியத் தின்னுட்டு, வேர்த்த சாக்ஸோடயே சாயங்காலம் வரைக்கும் திரிவானுங்க. கேட்டா, கால் தேறுதாம். நாத்தந்தான் தேறுது.

நான் கடைக்காரியா? சேச்சே. உங்கள மாதிரி வரிசைல நிக்கிறவதான்.

அது சரி, ஏன் ஒரு சைஸ் சின்னதாக் கேக்குறீங்க? வீக்கத்த அமுக்கவா? எங்க, பேன்ட்டத் தூக்குங்க. வெக்கப்படாதீங்க, ஓடுறவங்க காலப் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப்போச்சு. ம். ஒரு கால் மட்டும். தொட்டா சுடுது வேற. பாஸ்தோ ஊர்ல ஓட்டத்த முடிச்சிட்டு அப்படியே ராத்திரி பூரா பஸ்ல உக்காந்துட்டு வந்தீங்களா? அவ்ளோ தூரமும்?

சதைப்பிடிப்புன்னு யாரு சொன்னா? ஓடுறவங்க கிளப்புலயா. சொல்லுவானுங்க, சொல்லுவானுங்க. ஐஸ் வை, இன்னும் இறுக்கமாப் போடு, ஞாயித்துக்கிழம வந்துரு. ரெண்டு காலும் வலிச்சா ஓடுன வலின்னு விடலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டா, உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். அத சாக்ஸ் விக்கிறவன்ட்ட கேக்கக் கூடாது, ஆஸ்பத்திரில கேக்கணும். நாளைக்கு இல்ல, இப்பவே.

இல்லங்க, நான் டாக்டரும் இல்ல.

இந்தப் பையிலயா? இதுவும் சாக்ஸ்தான். பிரிச்சே பாருங்க. கெண்டைக்கால் பக்கம் ஒரு மீசைக்காரர் மூஞ்சி அச்சடிச்சிருக்கா? செத்துப்போன ஆளு நெனவா அவரு ஓடுன கிளப்பு பூரா இத மாட்டிட்டு ஓடப்போகுதாம். வீங்குன கால்ல ஒரு சைஸ் சின்னதப் போட்டுட்டுத்தான் மனுசன் படுத்தாரு. அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போயிருச்சு. அந்தச் சனியனுலயே அவர் மூஞ்சிய அச்சடிச்சு, எனக்கும் ஒரு ஜோடி குடுக்குறானுங்க, நானும் கூட ஓடணுமாம்.

எவெலியோன்னு பேரு. என் வீட்டுக்காரர்தான்.

இந்தக் கடைலதான் அச்சடிச்சிருக்காங்க, கடைக்காரன் மேல விட்டெறிஞ்சிட்டுப் போலாம்னு வந்தேன். அது கெடக்கட்டும். என் தோளப் பிடிச்சுக்கோங்க, வெளிய டாக்சி நிக்கும்.