ஒரே குண்டுத் துப்பாக்கி

இல்ல நைனா, வேணுவ அனுப்ப மாட்டேன். நீ பள்ளிப்பட்டுலருந்து பஸ்ஸு புடிச்சு வந்த, டீ வாங்கியாந்த, எல்லாம் சரி. என் தம்பி உன் நாடகத்துக்கு வெடி போட வரமாட்டான். அந்த நோட்டீச இப்படித் திருப்பு, பாக்கறேன்.

இன்னா இது? கதை பாளையக்காரன் காலம்னுதானே சொன்ன? உன் ஹீரோ கையில ஆறு குண்டு ரிவால்வர் இருக்குது. அதக் கண்டுபுடிச்சவன் அப்ப பொறக்கவே இல்லப்பா. கும்பினி தொரைக்கே கெடைக்காதது உன் ஹீரோவுக்கு எந்தச் சந்தையில கெடச்சுது?

கொஞ்சம் இரு. செருப்ப அப்படியே கீழ வுட்டுட்டுப் போ தாயி, நான் பாத்துக்கறேன். படி சுடும், ஓரமா ஏறு.

ஆங், சனம் கேக்காதுதான். நான் கேக்கறேன். நாடகத் துப்பாக்கி செதுக்கணும்னு மெட்ராஸ் மியூசியம் வரைக்கும் போயி, கண்ணாடிப் பொட்டிமேல மூக்க வெச்சிகினு நின்னவன் நான். காவக்காரன் திருடன்னே நெனச்சிட்டான். உன் கதைக்கு ஒத்தக் கொழாய் பிஸ்டல்தான். மேல சின்னதா ஒரு சுத்தி, அது வாயில சிக்கிமுக்கிக் கல்லு. மருந்து கொட்டணும், குண்டு போடணும், குச்சியால இடிக்கணும். ஒருவாட்டி சுட்டா முடிஞ்சுது, அப்பறம் கத்திதான். அதனாலதான் வசதி இருக்கறவன் இடுப்புல ரெண்டா சொருகுவான். சிப்பாய்க் கலகத்துக்கு அப்பறம் நடக்கற கதையா? ரிவால்வர் குடு, நான் ஏன் வாயத் தொறக்கறேன். காந்தி காலமா? மர உறை போட்ட ஜெர்மன் பிஸ்டல கூடக் குடு.

சிரி, நல்லா சிரி. ஒரு குண்டுல என்ன சாகசம்னு கேக்கற. ஒண்ணே ஒண்ணுதான்னாதான் அவன் குறி பாப்பான். சனமும் மூச்சு வுடாம பாக்கும்.

சடகோபனும் இப்படித்தான் சிரிச்சான். எங்க அம்மையார்குப்பத்து ஹீரோ. ஜாத்திரைக்கு நாடகம், ஒரே வெடின்னு பேச்சு. அவன் கையில இருக்கறது மரக்கட்டை. சத்தம் திரைக்குப் பின்னாலருந்து வரணும். அங்க ஒருத்தன் வெங்காய வெடி ஒண்ண பஞ்சுமேல வெச்சிகினு உக்காந்திருப்பான். ஹீரோ கைய நீட்டினதும் கல்லுமேல வீசுவான். அது வெடிக்கலன்னா வேணுமேன்னு மிச்ச வெடியெல்லாம் தவிட்டு டப்பாவுல. அத பூ மாதிரி எடுக்கணும். அழுத்தினா கையிலயே வெடிக்கும்.

சடகோபன் சுட்டான். விசில் பறந்துது. அந்த விசில் கேட்டதும் பேச்சு, கதை எல்லாம் மறந்துட்டான். மறுபடி நீட்டறான். உடனே மறுபடி நீட்டறான். சத்தம் வரலன்னா சனம் சிரிச்சிடும், நாடகமே போயிடும். பின்னால இருக்கறவன் இன்னா பண்ணுவான் சொல்லு. டப்பாவுல கைய வுட்டு அள்ளினான்.

கை தட்டினாங்க நைனா. அப்படி ஒரு சத்தம் எந்த நாடகத்துலயும் வந்ததில்லன்னு சடகோபன் இன்னும் டீக்கடையில பெருமையா சொல்லிகினு திரியறான்.

கோவமா பேசறனா? பேசாம இன்னா பண்றது? வேணு தறியில உக்காந்தாதான் அவன் வூடு, என் வூடு ரெண்டுலயும் அடுப்பு எரியும். உன் ஹீரோவுக்கு விசில் வேணும்னு அவன் கைய நான் குடுக்கவா? அப்ப நான் செதுக்கின பழைய ஒத்தக் கொழாய் பிஸ்டல் வூட்டுலதான் கெடக்குது. அத எடுத்துகினு போ. ஒரே குண்டு, ஒரே வெடின்னு முருகன் மலையப் பாத்து சொல்லு, வேணு வருவான். ரிவால்வர்தான்னா நோட்டீச மடிச்சிகினு கெளம்பு.

டீயா? குடிக்கறேன். அந்தப் பக்கம் வெக்காத, இடது பக்கம் வை. வலது கைமேல துண்டு அப்படியே கெடக்கட்டும், எடுக்காத. பழகிடுச்சு நைனா. மலைக்கு வர்றவங்க செருப்பப் பாத்துக்க இந்த ஒரு கை போதும். தறிக்குத்தான் ரெண்டும் வேணும்.