மச்சானுக்கு ஒரு தோட்டாப் பை

பரிசு கொடுப்பதில் என்னைக் குறை சொல்ல முடியாது, அதிகாரி. என் மனைவியின் தம்பி கெர்மிட்டுக்கு மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின வாரம் பிறந்தநாள். போன வருஷம் நல்ல தோல் பை ஒன்று வாங்கி, அது நிறையத் தோட்டாக்களை அடுக்கிக் கொடுத்தேன். கடையில் இருந்ததிலேயே உசத்தியானவை.

வேட்டைத் துறையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. இல்லினாய் மாநிலத்தில் எங்கள் பக்கம் எல்லாம் தட்டையான சோளக்காடு. ரைபிள் குண்டு எவன் வீட்டில் போய் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் ஷாட்கன்னில் ஒற்றை ஈயக் குண்டு போட்டுத்தான் மானைச் சுடுகிறோம். என் துப்பாக்கிக் குழாயின் உட்புறம் திருகு திருகாக வரி ஓடியிருக்கும். அதற்கு பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு. வரி அந்த உறையைப் பிடித்துச் சுழற்றிவிட, குண்டு நேராகப் போகும். கெர்மிட்டிடம் இருந்தது அவன் தாத்தா காலத்து வழுவழுக் குழாய். சாதாரண மலிவுக் குண்டுதான் அதற்கு ஒத்துவரும். உறைக்குண்டைப் போட்டால் சுழலாது. கொஞ்ச தூரம் போனதும் குட்டிக்கரணம் அடித்து, தன் இஷ்டத்துக்கு எங்காவது போகும்.

நான் கொடுத்தது உறைக்குண்டு. அட்டைப்பெட்டியில் வரிக்குழாய்க்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பரிசுக்கு அது அழகாக இருக்காது என்று பெட்டியை அடுப்பில் போட்டுவிட்டேன்.

எங்கள் வேட்டைக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. மானைத் தவறவிட்டவனுடைய சட்டையின் பின்நுனியை என் மாமனார் ஹார்லன் கத்தியால் அறுத்து, பெயர் எழுதி, சுவரில் ஆணி அடித்துவிடுவார். சுவர் முழுக்க என் சட்டைகள்தான். கெர்மிட்டின் துணி ஒன்றுகூட இல்லை. போன வருஷம் வேட்டைக்கு முன்னால் மாமனாருக்கு மூட்டுவலி வந்து, ஓடை வளைவில் இருக்கும் தன் வேட்டைப் பரணை எங்கள் இருவரில் ஒருவருக்குத் தருவதாகச் சொன்னார். அந்தப் பரணுக்குக் கீழேதான் பெரிய மான்கள் தண்ணீர் குடிக்க வரும்.

"இந்த வருசம் எவன் சட்டை முழுசா வீடு போய்ச் சேருதோ, அவனுக்குத்தான் பரண்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ளே, உங்கிட்ட இன்னும் சட்டை பாக்கி இருக்கா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். கெர்மிட் மட்டும் சிரிக்கவில்லை. அவனிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

வேட்டைக்கு முந்தின நாள் கெர்மிட் ஒரு பூசணிக்காயைக் கிட்டத்தில் வைத்து என் குண்டால் சுட்டுப் பார்த்தான். சிதறியது. அவ்வளவு கிட்டத்தில் எந்தக் குண்டும் நேராகத்தான் போகும். "அத்தான், சூப்பர் குண்டு அத்தான்" என்று என்னைக் கட்டிக்கொண்டான். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

மறுநாள் ஓடைக்கு அப்பால் நின்ற கலைமானைத் தவறவிட்டான். அன்று அவன் போட்டிருந்தது, செத்துப்போன என் மாமியார் கடைசியாகத் தைத்த கட்டம் போட்ட சட்டை. வேட்டையின் முதல் நாள் அதைத்தான் போடுவான் என்று எனக்குத் தெரியும். மாமனார் எடுத்த கத்தியை மறுபடி உறையில் போட்டார். "விடுங்க மாமா, பாவம்" என்று நான்தான் சொன்னேன்.

"வழக்கம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்ப்பா. அறுங்க" என்றான் கெர்மிட். துணி கோணலாகப் போய்விடக் கூடாதே என்று நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் தவறவிட்டான். கண் போய்விட்டது என்று முடிவுகட்டினான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன் அவன். "கண்ணு மங்குனவன் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓட்டலாமா அத்தான்?" என்று அழுதான். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். டாக்டர்களும் தப்புச் செய்வார்கள் என்று நான் சொன்னேன். பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். எவ்வளவு பொறுப்புள்ளவன் என்று ஊரெல்லாம் புகழ்ந்தேன். இப்போது குடிலில் எங்களுக்குச் சமைக்கிறான். நன்றாகவே சமைக்கிறான்.

பரண் எனக்கு நேர்மையாகத்தான் கிடைத்தது. அந்த வருஷம் முழுக்க நான் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. சுடாதவன் எப்படித் தவறவிடுவான்? "இனி எனக்கு எதுக்கு?" என்று கெர்மிட் தன் துப்பாக்கியையும் என்னிடமே கொடுத்துவிட்டான்.

இந்த வருஷம் அதே துப்பாக்கியோடு அதே பரணில் உட்கார்ந்தேன். வழுவழுக் குழாய்க்கு உரிய மலிவுக் குண்டையே பார்த்து வாங்கினேன். மான் அசைபோடுவதுகூடத் தெரிந்தது, அவ்வளவு கிட்டத்தில் நின்றது. தவறியது. மறுநாளும் தவறியது. அதற்கடுத்த குண்டு பரணின் கைப்பிடியையே பெயர்த்தது. மாமனார் கத்தியைத் தீட்டியபடி காத்திருந்தார்.

என் குறியில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை. ஆகவே யாரோ என் தோட்டாக்களை மாற்றியிருக்கிறார்கள். என் பைக்குப் பக்கத்திலேயே நாளெல்லாம் கிடப்பது சமையல்காரன் கெர்மிட்தான். நான் செய்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் மனதில் விஷம் இல்லாமலா இப்படிச் செய்வான்? அதனால்தான் புகார் கொடுக்க வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி. சொந்த அத்தானின் தோட்டாவில் கை வைக்கிறவன் மனுஷனே இல்லை.