ஒரு தலை, இரண்டு ஹெட்போன்

ஹெட்போன் வாங்கப் போகும்போது மனைவியைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் சாஹேப் ஆரம்பத்திலிருந்து எழுதச் சொன்னார். எந்த பாஷை சௌகரியமோ அதில் எழுதலாமாம். கான்ஸ்டபிள் ஆரோக்கியசாமி இங்கே புனே கட்கியிலேயே வளர்ந்த தமிழர், அவர் படித்து மராத்தியில் சொல்லிவிடுவாராம். ஆரோக்கியசாமி சார், என் கையெழுத்து கொஞ்சம் மோசம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பம் என்றால் அந்தக் கடைதான்.

ஔந்தில் உள்ள கடை. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, இரண்டு ஹெட்போன்களை முன்னால் வைத்தார் கடைக்காரர். ஒன்று திறந்த வகை. காதை மூடும் கிண்ணத்தின் பின்பக்கம் வெறும் வலை. பாட்டு தலைக்குள் அடைபடாமல் சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்த மாதிரி விரியும். வயலின் இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம், தம்புரா பின்னால். வீட்டுக் குக்கர் விசிலும் கூடவே வரும், அது வேறு விஷயம்.

இன்னொன்று ஒயர் இல்லாதது. மாட்டியவுடன் உலகத்தை யாரோ அணைத்துவிட்ட மாதிரி இருக்கும். வெளிச் சத்தம் வேண்டுமென்றால் அதற்கு ஒரு பட்டன். போட்டால் உள்ளே விடும், எடுத்தால் விடாது.

எனக்கு இரண்டும் வேண்டும். மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். கடைக்காரர் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார்.

"இருக்கறது ஒரு தலை. அதுக்கு எதுக்கு ரெண்டு?" என்றாள் என் மனைவி சியாமளா.

எங்கள் வீட்டில் தீபாவளி போனஸுக்கு ஒரே ஒரு பொருள் என்பது சட்டம். போன வருஷம் வாஷிங் மெஷின். சட்டத்தை நான் மீறியதில்லை. எதையும் வாங்காமல் நிக்டியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

கீழ் ஃபிளாட்டில்தான் சுந்தரராமன் மாமா. ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி காலமாகிவிட்டாள். மகள் சுப்ரஜாவோடு இருந்தார். ஹெட்போன் பைத்தியம் பிடித்த புனே தமிழர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். மாமாதான் அதற்குத் தலைவர் மாதிரி. ஒருவர் ஹெட்போனை இன்னொருவர் இரவல் வாங்கிக் கேட்கலாம். ஆனால் கேட்கும்போதே அபிப்பிராயத்தைக் குரலில் பதிவு செய்து குழுவில் போட வேண்டும். அது மாமா போட்ட விதி. "அப்புறமா எழுதினா பொய் கலந்துடும்டா. காதுல விழறச்சே வாய் சொல்லணும்" என்பார்.

நான் ஆசைப்பட்ட அந்தத் திறந்த வகை அவரிடம் இருந்தது. என் சங்கடத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"ஒயர் இல்லாததை நீ வாங்கிக்கோடா அம்பி. இது எனக்கப்புறம் ஒனக்குத்தான். சுப்ரஜா காதுல பட்டாணி மாதிரி எதையோ சொருகிண்டு அலையறா. அவளுக்கு எதுக்கு இது?"

"தாராளமா எடுத்துக்கோங்கோ அண்ணா. அலமாரில எடம் மிச்சம்" என்றாள் சுப்ரஜா.

இப்படித்தான் என் பிரச்சினை தீர்ந்தது. போனஸில் ஒன்று, மாமா மூலம் ஒன்று. சட்டமும் மீறப்படவில்லை. மறுநாளே போய் ஒயர் இல்லாததை வாங்கி வந்தேன்.

மாமாவின் ஆரோக்கியத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை. எழுபதைத் தாண்டியும் சுகர் இல்லை, பிரஷர் இல்லை. தினமும் காலையில் ஆகுர்டி பக்கம் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்து அம்ருத்துல்ய டீக்கடையில் டீ குடித்துவிட்டு வருவார். மேம்பாலம் இருக்கிறது. படி ஏறினால் முட்டி வலிக்கும் என்பார். அந்த முட்டியைத் தவிர உடம்பில் ஒரு குறையும் இல்லை, பேரன் கல்யாணம் பார்ப்பீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அந்தச் சந்தோஷத்தில் பேடா வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பேடா நல்ல பேடாதான். எனக்குத்தான் அன்று இறங்கவில்லை.

சாயங்காலங்களில் அவர் வீட்டுக்குப் போய்த் திறந்த ஹெட்போனைக் கேட்பேன். தாராளமாகக் கொடுப்பார். கொஞ்ச நேரம் கழித்து "போதும்டா" என்று கையை நீட்டுவார். பாட்டு நடுவில் இருக்கும். அப்போதெல்லாம் அந்தக் கையையே பார்ப்பேன். வெற்றிலைக் கறை படிந்த, தெம்பான கை.

என்னுடையதை மாமா இன்னும் கேட்கவில்லையே என்று குழுவில் பேச்சு வந்தது. நடக்கும்போது கேளுங்கள், அதற்குத்தானே இது என்றேன். தண்டவாளம் தாண்டுகிறவன் காதை மூடக்கூடாது என்று தயங்கினார். பட்டனைப் பற்றி விளக்கினேன். மறுநாள் காலை நானே கீழே போய் அவர் தலையில் மாட்டி, பட்டையைச் சரிசெய்தேன்.

"வெளிச் சத்தம் கேக்குமோன்னோ?"

"கேக்கும் மாமா. பட்டனைப் போட்டிருக்கேன். நீங்க தொடாதீங்கோ, மாறிடும்."

காலை வேளையில் எங்கள் தெருவில் சத்தமே இருக்காது. வித்தியாசம் தெரிய வழியில்லை. பாட்டுக்கென்றே தனியாக வைத்திருந்த சின்னப் பிளேயரில் ஏதோ தோடியைப் போட்டுக்கொண்டு, என் கன்னத்தில் தட்டிவிட்டுக் கிளம்பினார். நான் மேலே வந்து பல் தேய்த்தேன். அன்று ரவா உப்புமா. சியாமளா முந்திரி போட்டிருந்தாள்.

விபத்து என்றார்கள் எல்லாரும். இந்த வயதில் தண்டவாளத்தைத் தாண்டலாமா என்றார்கள். நானும் சொன்னேன். காரியமெல்லாம் முடிந்ததும் சுப்ரஜா அந்தத் திறந்த ஹெட்போனை மாமாவின் அங்கவஸ்திரத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா சொன்னது அண்ணா, என்றாள். அழுதேன். நிஜமாகவே அழுதேன். சியாமளாவைக் கேளுங்கள்.

என் தப்பு ஒன்றே ஒன்று. டீக்கடையில் உட்கார்ந்துதான் மாமா பதிவு செய்வார் என்று நினைத்துவிட்டேன். விதி போட்டவரே விதியை மீறுவாரா? பிளேயர் பையில் பாட, போனை வாயருகே பிடித்து, விரலை அழுத்திக்கொண்டு பேசியபடியே நடந்திருக்கிறார். விரல் அழுத்தியிருக்கும்வரை பதிவாகும். விரல் எடுபட்டால் தானாகப் போய்விடும். போய்விட்டது, குழுவுக்கு.

அனுதாபச் செய்திகளுக்கு அடியில் அது கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் குழுவில் ஒருவன், வாகடில் இருக்கும் பிரணவ்தான், மாமா குரலைக் கேட்க ஆசைப்பட்டு பழைய பதிவுகளைத் தேடும்போது கண்டுபிடித்து உங்களிடம் கொண்டுவந்திருக்கிறான்.

"அம்பி, மிருதங்கத்தோட பேஸ் நன்னாருக்குடா. வயலின்தான் கொஞ்சம் மெலிசு. ஆனா வெளிச் சத்தம் ஒண்ணும் காணோமேடா. ஊரே ஊமையாயிடுத்து. பட்டனைப் போட மறந்துட்டியோ?"

அதோடு சரி.

மறந்துவிட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் சாஹேப் விட்டிருப்பார். கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். குழுவில் எல்லாரும் அதைப் படிப்பார்கள். பத்ரி பட்டனை மறந்தான் என்பார்கள். இத்தனை வருஷம் ஹெட்போனோடு வாழ்ந்தவனுக்கு அது கேவலம். மறக்கவில்லை. வாசலில் அவர் செருப்பு மாட்டக் குனிந்தபோது நான்தான் அதை அணைத்தேன்.

இன்னொரு விஷயம். போன் ஸ்பீக்கரில் அந்தப் பதிவைக் கேட்டால் கடைசியில் வெறும் இரைச்சல்தான். பிரணவ் குழுவில் எடுத்துப் போட்ட அன்று திறந்த ஹெட்போனில் கேட்டேன். அப்புறமும் பல தடவை. வலப்பக்கம் ஒரு குயில். கீழே ஜல்லியில் மாமாவின் செருப்பு. பின்னால் தூரத்தில் ஹாரன், பிறகு கிட்டத்தில். ஒவ்வொன்றும் தனித்தனியாக, அதனதன் தூரத்தில். அந்த விஸ்தாரம் ஒயர் இல்லாததில் வரவே வராது.

இரண்டும் இப்போது உங்கள் அலமாரியில் சாட்சியாக இருக்கின்றன. ஒயர் இல்லாததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் முடிந்ததும் திறந்ததை மட்டும் என்னிடம் தரச் சொல்லுங்கள், ஆரோக்கியசாமி சார். மாமா இருந்திருந்தால் அவரே வந்து சிபாரிசு செய்திருப்பார்.