தாய்மாமன் பொருத்தம்

எனக்குத் தெலுங்கு நன்றாகப் பேச வரும், எழுத வராது. நகரியில் தமிழ் மீடியத்தில் படித்தவன். அதனால் தமிழிலேயே எழுதித் தருகிறேன். உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் தமிழ் படிக்கத் தெரிந்த சத்தியவேட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார்; அவர் படித்துச் சொல்வார்.

திருப்பதியில் ஸ்டெம் செல் ஊசி போடும் அந்த கிளினிக் மீது புகார் கொடுத்தவள் என் அக்கா சந்திரம்மா. இறந்துபோன என் மனைவி யாமினி, அக்காவின் ஒரே மகள். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது வழக்கம். புகாரில் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். "என் தம்பிய ஏமாத்திட்டானுங்க சார்" என்று அக்கா உங்களிடம் அழுதபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை.

யாமினிக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உற்பத்தியாவது நின்றுவிட்டது. இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றினால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அப்பா இல்லை. அக்காவுக்கு இதய வால்வு மாற்றியிருப்பதால் அவளிடமிருந்து எடுக்க முடியாது. என் ரத்தத்தைப் பார்க்கச் சொன்னாள் அக்கா.

"புருஷன் ரத்தம் எங்கம்மா பொருந்தும்?" என்றார் டாக்டர்.

"புருஷன் அப்புறம் டாக்டரு. மொதல்ல அவன் என் கூடப்பொறந்தவன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "எனக்கு இது தோணவே இல்ல. எடுங்க, எடுங்க."

யாமினியும் கட்டிலில் இருந்தபடி சிரித்தாள். "மாமனப் போயி கட்டிக்கினியேடின்னு என் ஃப்ரெண்டுங்க எவ்ளோ ஓட்டனாளுங்க. இப்ப வந்து பாக்கச் சொல்லு."

முடிவு வந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து மனோரமா என்ற பெண் எனக்குப் போன் செய்தார். பாதி பொருந்துகிறது என்றார். முன்பெல்லாம் முழுப் பொருத்தம் தேடுவார்களாம்; இப்போது பாதியே போதுமாம். நான் சில நாள் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு ஒரு மெஷின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். விருப்பமில்லாவிட்டால் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், வீட்டில் காரணத்தையும் சொல்ல மாட்டார்கள், அது விதி என்றார்.

விருப்பமில்லை என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"யோசிச்சுட்டேன்."

வீட்டுக்குப் போய், பொருந்தவில்லை என்றேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். யாமினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வுடு மாமா. நீ இன்னா பண்ணுவ."

பதிவு செய்திருக்கும் வெளி ஆட்களில் யாராவது பொருந்துகிறார்களா என்று தேடலாம் என்றது ஆஸ்பத்திரி. அதற்குள் நான் அந்த கிளினிக்கைக் கண்டுபிடித்துவிட்டேன். புகாரில் இந்த இடம் தவறாக இருக்கிறது. அவர்கள் எங்களைத் தேடி வரவில்லை.

நான் பயோடெக்னாலஜியில் எம்.எஸ்ஸி. படித்தவன். ஸ்டெம் செல் பொய்யல்ல. ரத்த நோய்களுக்கு அது பல வருடங்களாக நிரூபணமான வைத்தியம். முழங்கால், சர்க்கரை, நரம்பு என்று மற்றவை பெரும்பாலும் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன. பொருத்தமே பார்க்காமல், யாருடையதோ தொப்புள்கொடியில் எடுத்ததை சலைனில் கலந்து ஏற்றினால் செத்த மஜ்ஜை திரும்பாது. இது எனக்குத் தெரியும். அந்த கிளினிக்கில் இருப்பவர்களைவிட நன்றாகத் தெரியும்.

"ஆளே பொருந்த வாணாமாடா?" என்று அக்கா கேட்டாள்.

"வாணாங்க்கா. இது புது ஆராய்ச்சி."

"நீ படிச்சவன் மாமா. நீ சொன்னா சரி" என்றாள் யாமினி. தேடல் வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்கு நானே சொன்னேன்.

ஊசிக்குப் பயந்தேன் என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் சுலபம். எனக்கு ஊசியில் பயமில்லை.

நோய் தெரிவதற்குக் கொஞ்ச நாள் முன்பு யாமினி என்னிடம் பேசினாள். கோபமாகக்கூட இல்லை. "மாமா, நான் அம்மாவுக்காகத்தான் உன்னக் கட்டிக்கினேன். பெங்களூருல வேல கெடச்சிருக்கு. போனா திரும்பி வரமாட்டேன். அம்மாகிட்ட நீயே பதமா சொல்லிடு." சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அதற்குள் அவளுக்கு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது.

பிறகு அவள் பெங்களூர் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் தலை வாரிவிட்டேன். பல் ஈறில் ரத்தம் வருமென்று சோற்றைக் குழைத்து ஊட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். நான் வெளியே போனால், எங்கே என்று அக்காவைக் கேட்பாளாம். என் செல்லைக் கொடுத்தால் அவள் எழுந்துவிடுவாள். எழுந்தால் போய்விடுவாள். மனோரமா போன் செய்தபோது நான் யோசித்தது இதைத்தான்.

கிளினிக்கில் மூன்றாவது முறை ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்தது. தடுக்க அவள் உடம்பில் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுபோனோம். மனோரமா வராந்தாவில் எதிரே வந்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். விதியை மீறவில்லை.

அக்கா இப்போதும் எனக்குச் சமைக்கிறாள். "இன்னும் கொஞ்சம் துன்னுடா. இளைச்சிக்கினே போற" என்று சோற்றைப் போடுகிறாள். அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இதை முதலில் அவளிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை, உங்களிடம் வந்திருக்கிறேன். நீங்களே படித்துக் காட்டிவிடுங்கள்.

கிளினிக்காரர்கள் மோசக்காரர்கள்தான். அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. என் பெயரைச் சாட்சியிலிருந்து எடுத்து அவர்களுக்கு மேலே போடுங்கள். ஒன்றை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். யாமினி சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. குணமாகக் கூடாது என்றுதான் நினைத்தேன்.